தோல் கடையை எங்கே வைப்பீர்கள்?



என் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை உருவாக்கப் போகிறானாம். வாள், கேடயம், மந்திரவாதி எல்லாம் உள்ள கற்பனை ராஜ்யம். அதன் வரைபடத்தை என்னிடம் காட்டினான். கடைவீதியின் நடுவே, சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில், 'தோல் கடை' என்று எழுதியிருந்தான். ஓநாய்த் தோலைக் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் கவசம் தயார்!

"பக்கத்துக் கடையில் யாரடா மூக்கைப் பிடிக்காமல் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டேன். விழித்தான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. 2011ல் வெளிவந்து புகழ்பெற்ற 'ஸ்கைரிம்' விளையாட்டிலும் தோல் பதனிடும் சட்டம் பெரும்பாலும் கொல்லர் பட்டறை அருகிலேயே நிற்கும். வேட்டையாடிய தோலை அங்கே கொண்டுபோனால் நொடியில் பதமாகிவிடும்.

உண்மையில் அப்படியா? பச்சைத் தோலை முதலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு நீரில் போட்டு, முடியையும் ஒட்டியிருக்கும் சதையையும் சுரண்ட வேண்டும். பிறகு மரப்பட்டை ஊறிய நீரில் பதப்படுத்த வேண்டும். நம் ஊரில் ஆவாரம்பட்டை, ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டை. அந்தக் காலத்தில் கனமான தோல் பதமாக ஒரு வருடம்கூட ஆகும்! மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரில் பழைய முறையில் தோல் பதனிடும் தொட்டிகள் இன்றும் உள்ளன. தோல் மென்மையாவதற்குப் புறா எச்சம் சேர்க்கிறார்கள். பார்க்க வருபவர்கள் நாற்றம் தாங்காமல், புதினா இலையை மூக்கருகே பிடித்துக்கொள்கிறார்கள்!

ஆகவே, பதனிடும் தொட்டிகளை ஊருக்கு வெளியே, ஊரார் தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தாண்டி, ஆறு கீழே இறங்கும் பக்கம் வையுங்கள். கடைவீதியில் இருப்பது தைக்கும் கடை மட்டும். அங்கே குத்தூசி, தோல் அறுக்கும் கத்தி, மெழுகு பூசிய நூல், பாதி தைத்த செருப்பு எல்லாம் இருக்கட்டும். பட்டை கொண்டுவரக் காட்டுக்குப் போக வேண்டும் என்று வைத்தால் விளையாட்டும் சுவைக்கும்.

இதைக் கேட்டதும் பேரன் உற்சாகமாகத் தொட்டிகளை ஆற்றங்கரைக்கு மாற்றினான். கூடவே, தோல் தொழிலாளியின் வீட்டையும் ஊருக்கு வெளியே வரைந்தான்.

அப்போதுதான் என் மனம் துணுக்குற்றது. பல வருடங்களுக்கு முன், வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டேன். ஒரு மாணவன் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றான். பின்னாலிருந்து யாரோ, "செருப்புத் தைக்கிறார் சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரிப்பை நிறுத்தி, அந்தத் தொழிலின் அருமையைச் சொல்லியிருக்க வேண்டும். என் காலிலும் செருப்புதானே இருந்தது! ஆனால் நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நம் நாட்டில் தோல் வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள். நாற்றம் தொட்டிக்குத்தானே, மனிதருக்கு அல்லவே? தீண்டாமை குற்றம் என்று சட்டம் சொன்ன பிறகும், அந்த வழக்கத்தை நாம் முழுதாக அழிக்கவில்லை.

"தொட்டி வெளியே இருக்கட்டும். வீட்டை ஊருக்குள் கொண்டுவா. அவருக்கு ஒரு பெயரும் வை" என்றேன். பேரன் ரப்பரை எடுத்து அழித்தான். இப்போது அந்த வீடு வைத்தியர் வீட்டுக்கு அடுத்த வீடு. வீரன் கடைக்குள் வந்ததும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டுமாம். இது அவனுடைய யோசனை!

குழந்தைகளே, கற்பனை உலகத்தில் சட்டம் போடுவது நீங்கள்தான். அங்கேயும் பழைய தவறையே எதற்காகக் கட்ட வேண்டும்? இன்று பள்ளி விட்டு வரும்போது, தெருமுனையில் செருப்புத் தைப்பவர் இருந்தால் அவர் வேலையைச் சற்று நின்று பாருங்கள். வணக்கம் சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?