முதற்கட்டம் மிதிவண்டிக்கே!

சிற்றூர்ச் சாலை ஒரே நாளில் பெருஞ்சாலையாகி விடுவதில்லை. மாட்டுவண்டித் தடமாய்க் கிடந்தது முதலில் செம்மண் சாலையாகிறது. அதன்மேல் சல்லி பரப்பிக் கீல் ஊற்றியபின் 12 அடி அகலமுள்ள ஒற்றைத்தடச் சாலை எனப் பெயர் பெறுகிறது. எதிரெதிரே வரும் பேருந்துகள் ஒதுங்க இடமில்லை என மக்கள் முறையிட்டதும் 18 அடியாகிறது. மனைப்பிரிவுகள் பெருகியதும் 23 அடியுள்ள இருதடச் சாலையாகிறது. அதுவும் போதாமற் போகையில் நடுவே திட்டெழுந்து நான்கு தடமாகிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இப் படிகள் அனைத்தையும் கண்ணாற் கண்ட முதியோர் இன்றும் உளர்.

ஒவ்வொரு படியும் வளர்ச்சி என்றே பறைசாற்றப் பெறுகிறது. அவ் வளர்ச்சிக்கு நிலம் ஈந்தது எது? சாலையின் இருமருங்கும் இருந்த மண்ணோரமே ஈந்தது. அம் மண்ணோரம் எவர்க்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. ஆயினும் பால்குடம் கட்டிய மிதிவண்டிக்காரனும், கரணையையும் மட்டக்கோலையும் பையிலிட்டுத் தொங்கவிட்டுச் செல்லும் கொத்தனும், பள்ளிக்குச் செல்லும் சிறுமியும் அதனையே தம் தடமாகக் கொண்டிருந்தனர். 12 அடிச் சாலையில் உந்து வண்டிதான் விரைவு குறைத்து மண்ணில் இறங்கியது. நான்கு தடமான பின்னரோ, பேருந்தின் பக்கத்துக்கும் வடிகாலின் விளிம்புக்கும் இடையே மிதிவண்டிக்காரன் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டியுள்ளது. சாலை பன்மடங்கு அகன்றது. அவன் தடம் ஓரடியும் எஞ்சாது ஒழிந்தது. இதற்கு வளர்ச்சி என்னும் சொல் பொருந்துமா?

வேளச்சேரி–தாம்பரம் சாலையைப் பார்க்க. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரமாய்ச் சென்று மேடவாக்கம், செம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம், சேலையூர் என ஏரியும் வயலுமாய் இருந்த ஊர்களை ஊடறுத்துத் தாம்பரத்தை அடையும் சாலை அது. படிப்படியாக அகலமாக்கப் பெற்று, இன்று ஊர்திகள் நெருக்கியடிக்கும் பெருஞ்சாலையாய் உள்ளது. மேடவாக்கத்தில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மேம்பாலம் ஒரு கல் தொலைவுக்கும் மேற்பட்ட நீளமுடையது. உந்துகள் நிற்காமற் பறக்க ஒரு கல் நீளத்துக்கு வானத்தில் சாலை கட்ட முடிந்த அரசுக்கு, நிலத்தில் ஆறரை அடி அகலத் தடம் ஒன்று போட முடியவில்லை என்றால் எவர் நம்புவார்? முடியாமையன்று அது, நினையாமை.

கேட்டால், மிதிவண்டித் தடம் இறுதிக் கட்டத்தில் வரும் என்பர். அவ் இறுதிக் கட்டம் வருவதேயில்லை. முதலில் கீல்தளம், பின்பு நடுத்திட்டு, பின்பு வடிகால், பின்பு குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டல், பின்பு கழிவுநீர்க் குழாய்க்காக மீண்டும் தோண்டல். இவையெல்லாம் முடிவதற்குள் கடைகள் முன்வந்து விடுகின்றன, இடம் போய்விடுகிறது, பணமும் தீர்ந்து விடுகிறது.

இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று எனினும் விளைவால் சூழ்ச்சியே. இந்தியச் சாலைப் பேராயம் 1962ஆம் ஆண்டு மிதிவண்டித் தடங்களுக்கென நெறிமுறை ஒன்றை வகுத்தது. ஒரு மணி நேரத்தில் 100 முதல் 200 வரை உந்துகள் செல்லும் சாலையில், நெரிசல் வேளையில் 400 மிதிவண்டிகள் சென்றால் தனித்தடம் அமைக்கலாம். உந்துகள் 200ஐக் கடந்தால் 100 மிதிவண்டிகள் இருந்தாலே அமைக்கலாம் என்பது அதன் கருத்து. உந்து பெருகப் பெருக மிதிவண்டிக்குத் தனித்தடம் மிகுதியும் வேண்டும் என்னும் அறிவு அதில் இருந்தது. 2015இல் அந் நெறிமுறை திருத்தியும் எழுதப்பெற்றது. ஆனால், எண்ணிப் பார்த்தே தடம் என்னும் மனப்போக்கு மட்டும் நீங்கவில்லை. சாலையை முதலில் அகலமாக்கி மிதிவண்டிக்காரனை அச்சுறுத்தி விரட்டுவது. விரட்டியபின் நின்று எண்ணுவது. எண்ணிக்கை குறைவு, ஆகவே தடம் தேவையில்லை என்று கோப்பை மூடுவது! ஆற்றில் பாலமில்லாத இடத்தில் நின்று, இங்கு எவரும் ஆற்றைக் கடக்கவில்லையே என்று கூறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் மிதிவண்டி செலுத்துவோர்க்கும் முதன்மை தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. பாராட்டத்தக்கதே. ஆயின் 2011இல் விரிந்த அம் மாநகராட்சியின் எல்லைக்குள் தாம்பரம் வரவில்லை, கொள்கையும் வரவில்லை. ஒரே சாலை பள்ளிக்கரணை வரை ஒரு கொள்கைக்குள்ளும் அதற்கப்பால் எக்கொள்கையும் இன்றியும் கிடந்தது. 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் தனி மாநகராட்சியாகி விட்டமையால், தனக்கென ஒரு கொள்கை வகுத்துக் கொள்ள அதற்கு இனித் தடையேதுமில்லை. பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளன என்பது மெய்யே. துறையும் மாநகராட்சியும் ஒரு மேசையில் அமர்ந்தால் தீரக்கூடிய சிக்கல்தான் அது.

மிதிவண்டி என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். இச் சொல்லை நகையாடியவர்கள் இருந்தனர். இன்று அரசாணையிலும் பள்ளிப் பாடத்திலும் அது வேரூன்றி நிற்கிறது. சொல் வந்துவிட்டது, தடம் வரவில்லை. அரசுப் பள்ளிகளிலும் அரசுதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்பு மாணவர்க்கு ஆண்டுதோறும் நூறாயிரக்கணக்கில் விலையில்லா மிதிவண்டிகளை அரசே வழங்குகிறது. வண்டியைக் கையிற் கொடுத்துவிட்டு, அதனை ஓட்டிச் செல்லும் இடத்தைப் பறித்துக்கொள்வது எவ்வகை நேர்மை? 1991–92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்வழிப் பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி கற்றுத் தம் காலில் தாம் நின்றதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கல்நெய் தடைசெய்யப்பட்ட போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் பள்ளியும் அங்காடியும் மருத்துவமனையும் மிதிவண்டியால்தான் இயங்கின. ஏழையின் கால் அது.

இப்பொழுது மிதிவண்டி ஓட்டுவோர் யார் என வினவுவோர், விடியற்காலையில் தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் முன் நின்று பார்க்கட்டும்.

எல்லா இடத்திலும் இது எளிது என்று கூறுவதும் பொய்யாகும். முடிச்சூர்ச் சாலையின் நெருக்கமான பகுதிகளில் இருபுறமும் கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அங்கு வடிகாலைச் சுருக்கச் சொல்ல மாட்டார்கள். அத்தகைய இடங்களில் வடிகாலின் மேல்மூடியை மேடுபள்ளமின்றி அமைத்து அதனையே தடமாக்கலாம். அதற்கும் இடமில்லையேல் உந்துகளின் விரைவைக் குறைப்பதொன்றே வழி.

ஆனால் அகரம்தென், மாடம்பாக்கம், சோமங்கலம் பக்கங்களில் இன்னும் சிற்றூர்த் தன்மை மாறாத சாலைப் பகுதிகள் உள்ளன. அங்கு காலம் கடந்துவிடவில்லை. 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி நிலம் எடுக்கும்போதே, நான்காம் கட்டத்துக்கு வேண்டிய முழு அகலத்தையும் அளந்து, இருபுறமும் வெளி ஓரத்தில் ஆறரை அடியை மிதிவண்டிக்கென ஒதுக்கிவிட வேண்டும். அத் தடத்தைத்தான் முதலில் போட வேண்டும். சரக்குந்தின் சுமையைத் தாங்க வேண்டாத தளமாதலின் மெல்லிய அடித்தளமே போதும். செலவும் மிகச் சிறிதே. புளியமரங்கள் எஞ்சியுள்ள இடங்களில் தடத்தை மரவரிசைக்குப் பின்னால் கொண்டு சென்றால், வெட்டாத மரமே வேலியாகும், நிழலுமாகும். பின்னர்ச் சாலை அகலமாக வேண்டுமாயின் உள்நோக்கி அகலட்டும். தடத்தில் இருசக்கர உந்துகளும் கடைப்பலகைகளும் ஏறாதபடி உயர்விளிம்பும் கற்றூண்களும் வேண்டும். இன்றேல் ஓராண்டுக்குள் அது ஊர்தி நிறுத்துமிடமாகிவிடும்.

இன்று மிதிவண்டி நாடெனப் போற்றப்பெறும் நெதர்லாந்தும் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. அங்கும் உந்துகளுக்கே சாலை என்றிருந்த காலத்தில், 1970களின் தொடக்கத்தில், சாலையில் மாண்ட குழந்தைகளின் பொருட்டுப் பெற்றோர் தெருவில் இறங்கினர். 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டது. தாம்பரத்துப் பெற்றோர் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. அகரம்தென் சாலையில் அடுத்த எல்லைக்கல் நடப்படும் நாளில் அங்கே சென்று, மிதிவண்டித் தடம் கல்லுக்கு எப்புறம் வருகிறது, எந்தத் திங்களில் வருகிறது என்று பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கட்டும்.