தேநீரில் கலக்கப்படும் மாத்திரை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, கடையநல்லூர், வடகரை வட்டாரத்து வீடுகளில் விருந்தினர் நிறைந்துவிடுவர். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் வேன் பிடித்து வரும் கூட்டங்களில் மது எவ்வளவு புழங்குகிறது என்பதைச் சாலையோரத்துப் பாட்டில்களே சொல்லும். அக்கூட்டங்களில் நம் சமுதாயத்தவரும் உள்ளனர். அதை ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

மது ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் அதைத் தெளிவாக்கிவிட்டது. குடிப்பவர் ஒருவர் வீட்டிலிருந்து, அவர் மருந்தும் உண்பவராக இருந்தால் வீட்டார் என்ன செய்வது என்பதே இங்குப் பேச வேண்டியது.

பெண்கள் மார்க்க விளக்கமாகக் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஹஜரத், குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் தேநீரில் கலந்து கொடுக்கலாமா?" நல்லெண்ணத்தில், பெரும்பாலும் கண்ணீரோடு கேட்கப்படும் வினா இது.

அம்மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். 1940களில் டென்மார்க் ஆய்வாளர்கள் இதன் பயனைக் கண்டறிந்தனர். உடலுக்குள் செல்லும் மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றும். பின்னர் அந்த நச்சையும் சிதைத்துவிடும். இந்த இரண்டாவது வேலையை டைசல்ஃபிராம் தடுத்துவிடுகிறது. நச்சு தேங்க, முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் வீழும். இதய நோயாளிக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரு வாரங்கள் வரை இவ்விளைவு நீடிக்கக்கூடும். சில இருமல் மருந்துகளிலுள்ள சிறிதளவு ஆல்கஹால்கூட இதைத் தூண்டிவிடலாம். ஆகவேதான் மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்து, யாவற்றையும் விளக்கி, அவருடைய சம்மதத்துடன் இதைத் தருகிறார். தாம் உண்பது இன்னதென்று அறிந்தவர் அஞ்சி மதுவை விலக்குவார். அறியாதவரோ அருவிக்கரையில் நண்பர்களோடு வழக்கம்போல் குடிப்பார். எனவே கூடாது என்பதே என் பதில். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் ஃபிக்ஹு விதியில் நல்லெண்ணத்திற்கு விலக்கில்லை.

சர்க்கரை நோயாளிகளின் நிலையும் கவலைக்குரியது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சரியாக உண்ணாமல் குடித்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். தள்ளாட்டம், உளறல், மயக்கம் எல்லாம் போதையைப் போலவே தோன்றும். "விடியட்டும், தெளிந்துவிடும்" என்று வீட்டார் கதவைச் சாத்திவிடுவர். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். காசநோய்க்கான ஐசோனியசிட் உண்பவர் குடித்தால் கல்லீரல் பாழாகும் ஆபத்து மிகும்.

இவ்வளவையும் தவிர்க்க மருத்துவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். நாமோ, "எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் இல்லை டாக்டர்" என்கிறோம். தலையில் தொப்பி இருப்பதைக் கண்டு சில மருத்துவர்கள் கேட்பதுகூட இல்லை! சகோதர முஸ்லிமின் குறையை மறைப்பது நன்மைக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது உண்மையே. ஆனால் அது ஊரார் வாயிலிருந்து அவரது மானத்தைக் காப்பதற்கு. சிகிச்சை அளிப்பவரிடம் மறைப்பது அதில் சேராது.

ரமளானிலும் இது நிகழ்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் பிறை கண்டதும் ஒரேயடியாக நிறுத்துகிறார். இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரலாம். உடனே ஜின் பிடித்ததென்று தாயத்துக்கு ஓடுகிறோம். அவருடைய தவ்பா உண்மையானதே. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது மருத்துவமனைப் படுக்கை.

பலமுறை மது அருந்தித் தண்டிக்கப்பட்ட தோழர் ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். புகாரியில் இடம்பெறும் இச்செய்தியைக் குடிப்பவரின் திருமணத்திற்கும் ஜனாஸாவிற்கும் தடை பேசும் ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறை படிக்கலாம்.

14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்தின் கீழே அதை எழுதி வைப்பதற்கு நிர்வாகக் கூட்டத் தீர்மானம் ஏதும் தேவையில்லை.