வரைபடம் மேசையில் இருக்கும்போதே போவோம்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கட்டடம் கட்டக்கூடாதென அரசாங்கம் எல்லை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கொழும்பிலிருந்து பார்த்தால் நேரான கோடுதான். சாய்ந்தமருது, மருதமுனை மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்: கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலுள்ள ஒடுக்கமான நிலத்தில்தான் ஊரே இருக்கிறது. அதில் 200 மீற்றரை விட்டுவிட்டு எங்கே போவது? வயலை நிரப்பினால் மாரி வெள்ளம் எங்கே வடியும்? கரையைவிட்டுத் தூரப்போன மீனவர் தோணியை யாரிடம் ஒப்படைப்பார்? பின்னர் அந்த எல்லையைத் தளர்த்தத்தான் வேண்டியிருந்தது. அதுவரை கொட்டிலில் காத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

குற்றம் அதிகாரிகளிடம் மட்டுமா? நகர அபிவிருத்தித் திட்ட வரைவை 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்பது சட்டம். ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்கலாம். எங்கள் பகுதித் திட்டம் வைக்கப்பட்டிருந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். எங்கள் கடை வரிசையின் மேலாக வீதி அகலிக்கும் கோடு ஓடுகிறது! வந்தவர்களின் பதிவில் எனக்கு முன் இரண்டே பெயர்கள். இருவரும் காணித் தரகர்மார். கடையை உடைக்க வரும் நாளில்தான் நாம் எம்.பி.யைத் தேடி ஓடுவோம்.

வியாபாரிகள் மட்டும் போனால் 'தன் கடைக்காகப் பேசுகிறான்' என்பார்கள். விவசாயிகளையும் மீனவர்களையும் சேர்த்து, பள்ளிவாசலில் மஷூரா செய்துவிட்டு ஒன்றாகப் போகவேண்டும். நான் எழுதிக் கொடுத்த ஆட்சேபனையின் பிரதி கடை லாச்சியில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.