சமூகப்பணி படிக்க ஒரு இலட்சம் டொலர் கடனா?

நியூஜேர்சியில் வசிக்கும் பழைய நண்பரொருவர் கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். உளவியலில் இளமாணிப் பட்டம் பெற்ற அவரது மகளுக்குச் சமூகப்பணி முதுமாணிக் கற்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம். இரண்டாண்டுகளுக்கும் ஒரு இலட்சம் டொலர்வரை கடன்பட வேண்டுமாம். "நீங்களாவது பிள்ளைக்குப் புத்தி சொல்லுங்கோ" என்றார். 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்து வந்தவனிடம் கல்விக்கடன் பற்றிக் கேட்பது வேடிக்கைதான். எனினும் கணக்கைப் பார்த்தேன்.

அமெரிக்க அரசின் புள்ளிவிபரப்படி 2023 இல் சமூகப்பணியாளரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 58,380 டொலர். மாதத்துக்கு 4,865, அதுவும் வரிக்கு முன். ஒரு இலட்சம் டொலரை 8 வீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதம் 1,200 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். சம்பளத்தில் நாலிலொரு பங்கு!

பொதுச் சேவையில் பத்தாண்டு பணியாற்றி 120 தவணைகள் கட்டினால் மீதிக்கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007 முதல் உண்டு. தொடக்க ஆண்டுகளில் விண்ணப்பித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நிராகரிக்கப்பட்டனர்; 2021 இன் பின்னரே நிலைமை சீரானது. ஆனால் அத்தள்ளுபடி மத்திய அரசின் கடனுக்கு மாத்திரமே. 2025 இல் நிறைவேறிய சட்டமோ, 2026 யூலை 1 முதல் புதிதாகக் கடன்படும் முதுமாணி மாணவருக்கு அக்கடனை ஆண்டுக்கு 20,500 டொலராக மட்டுப்படுத்துகிறது. எஞ்சியதைத் தனியார் வங்கியிடம் பெறவேண்டும். அங்கே தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

தொழில்சார் பட்டங்களுக்கு 50,000 டொலர்வரை கொடுக்கலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. 2025 நவம்பரில் கல்வித் திணைக்களம் முன்வைத்த வரையறையில் இறையியல் தொழில்சார் பட்டமாக இடம்பெற்றது, சமூகப்பணி இடம்பெறவில்லை. சிதைந்த குடும்பங்களோடும் போதைக்கு அடிமையானோரோடும் மல்லுக்கட்டுவது தொழில் இல்லையாம்!

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? அவ்வாறு நான் சொல்லமாட்டேன். முதுமாணிப் பட்டமின்றி மருத்துவ சமூகப்பணியாளருக்கான உரிமம் கிடையாது. பட்டத்தின் பின்னரும் பல மாநிலங்களில் மேற்பார்வையின்கீழ் 3,000 மணித்தியாலம்வரை பணியாற்ற வேண்டும். அதன்பிறகே தனித்து உளவள ஆலோசனை வழங்கி, காப்புறுதி நிறுவனங்களிடம் கட்டணம் பெறமுடியும். பட்டத்தின் உண்மையான பெறுமதி அந்த உரிமத்தில்தான் இருக்கிறது. உரிமம் வழங்குவோர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. சமூகப்பணிக் கல்விப் பேரவையின் அங்கீகாரம் உண்டா என்றே பார்க்கின்றனர். மாநில அரசின் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் அந்த அங்கீகாரம் இருக்கிறது.

என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. கற்கைக் காலத்தில் குறைந்தது 900 மணித்தியாலம் களப்பயிற்சி செய்யவேண்டும். பெரும்பாலும் சம்பளம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இலவசமாக உழைக்கும் பிள்ளை, வீட்டு வாடகைக்கும் கடன்தான் எடுக்கவேண்டும். நான் பத்திரிகையில் பயிலுநராக இருந்தபோது பஸ் கட்டணத்துக்காவது ஏதோ தந்தார்கள்.

இவற்றையெல்லாம் நண்பரின் மகளிடம் சொன்னேன். தனியார் பல்கலைக்கழகத்தை விட்டுவிடு, படிப்பை விடாதே என்றேன். "மாமா, அப்பா கொம்பியூட்டர் படிக்கச் சொல்லுவார் எண்டுதான் பயந்தனான்" என்றாள். முற்பணம் கட்ட இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றனவாம். றட்கர்ஸுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை.