ஏமாந்தவரா குற்றவாளி?

வீட்டைப் பூட்டிய பின்னும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நம் வழக்கம். ஆனால், நம் மின்னஞ்சலுக்கோ பிறந்தநாளையும் கைப்பேசி எண்ணையும் கடவுச்சொல்லாக வைத்துவிட்டு அமைதியாக இருக்கிறோம். வங்கி, தேர்வு விண்ணப்பம், இணைய அங்காடி என எத்தளத்தின் கடவுச்சொல் மறந்தாலும், அதனை மாற்றும் இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வருகிறது. எனவே, மின்னஞ்சலைக் கைப்பற்றியவர் மற்றக் கணக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிட இயலும்.

2013ஆம் ஆண்டில் யாகூ நிறுவனத்தின் ஏறத்தாழ 300 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்துவோருக்கு, ஓரிடத்துத் திருட்டு எல்லா இடத்துக்கும் கேடாகிறது. கணக்கு ஒவ்வொன்றுக்கும் நீண்ட, தனித்த கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும் இன்றியமையாதவை.

வலைவிரிக்கும் வணிகம்

புகழ்பெற்ற அங்காடியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலித்தளம் அமைப்பர். ஐயாயிரம் ரூபாய்ப் பொருளை ஐந்நூறுக்குத் தருவதாகவும், இன்னும் பத்து நிமிடமே உள்ளதாகவும் விளம்பரம் செய்வர். பழைய பொருளை விற்க முனைவோரிடம், "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள்" என்பர். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. அதனைக் கேட்கும்போதே நம் பணம் வெளியேறப்போகிறது என்று உணர வேண்டும்.

ஏளனம் யாருக்கு உதவும்?

பணத்தை இழந்தவரைப் பார்த்து, "பேராசையால் கெட்டார்" என்று சொல்வது எளிது. ஆனால், அஃது ஏற்கத்தக்கதன்று. மின்கட்டணம் நிலுவையில் உள்ளதால் இன்றிரவு இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற பொய்ச்செய்தியைக் கண்டு பதறும் முதியவரிடம் பேராசை ஏது? ஆசையைப் போலவே அச்சத்தையும் அவசரத்தையும் மோசடியாளர் கருவியாக்குகின்றனர். கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66டி பிரிவு இடமளிக்கிறது. சட்டம் குற்றவாளியாகக் காண்பது ஏமாற்றியவரையே.

நம் ஏளனத்துக்கு அஞ்சியே பலர் இழப்பை மறைக்கின்றனர். அம்மறைப்பில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுகிறது. உடனே 1930 என்ற எண்ணில் முறையிட்டால், பணம் சென்ற கணக்கை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் அப்போதே தெரிவித்தல் வேண்டும். தெரிவித்த பின்னர் நிகழும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி விதித்தது.

மாணவர்களே! பல இல்லங்களில் இணையத்தை நன்கு அறிந்தவர் நீங்களே. தாயோ தாத்தாவோ தயங்கியபடி உங்களிடம் வரும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள், "எப்போது நடந்தது?" என்று கேளுங்கள். காலத்தையும் பணத்தையும் காக்கும் வினா அதுவே.