சல்லியில் ஒரு நடிப்புத் தேர்வு

சென்ற மாதம் திருகோணமலைக்குப் போயிருந்தேன். நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுக்கு அருகே, கடலோரமாக இருக்கிறது சல்லி. முத்துமாரியம்மன் கோயிலால் வெளியூரவர்க்கும் அறிமுகமான கிராமம். அங்கே உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அந்த வீட்டுப் பிள்ளை உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படித்தவன். வெளிநாட்டில் எடுக்கப்படவிருக்கும் ஒரு படத்துக்கு ஈழத்தமிழ் பேசும் இளைஞர்களைத் தேடுகிறார்களாம். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைக் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்ப வேண்டும். மாலையில் கடற்கரை மணலில் நின்று அவன் நடிக்க, நண்பன் பதிவு செய்தான்.

"பெரியப்பா, ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். காட்சி சிறியது. ஊரை விட்டுப் போவதென்று முடிவெடுத்த மகன் அதைத் தாயிடம் சொல்கிறான். நம் பிள்ளையோ கழுத்து நரம்பு புடைக்க, மதுரைத் தமிழில், தமிழகச் சினிமா நாயகன் போல முழங்கினான். வசனத்தில் பாதியைக் கடற்காற்று கொண்டுபோய்விட்டது. மீதியில் கேட்டதெல்லாம் வேறு யாரோ ஒரு நடிகரின் குரல்.

வீட்டுக்குத் திரும்பியதும், "எங்க போனனீ?" என்று தாய் கேட்டார். "பந்தடிக்க" என்றான், நிலத்தைப் பார்த்தபடி, மெல்லிய குரலில். இந்த விண்ணப்பத்தைப் பற்றித் தாய்க்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காட்சியில் வரும் மகன் என் கண் முன்னேயே நின்றான். ஆனால் அவனைப் பதிவில் காணவில்லை.

நடிப்புத் தேர்வு என்றால் தன்னால் இயன்றதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் கொட்டிக் காட்டுவது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. தேர்வு செய்பவர் பார்ப்பது, இந்தப் பிள்ளை எதிரில் நிற்பவரின் பேச்சைக் காதில் வாங்குகிறதா, சொன்னால் மாற்றிச் செய்யுமா என்பதையே. (நானும் இளமையில் ஒரு குரல் தேர்வுக்குப் போய்த் தோற்றவன். "இன்னும் கொஞ்சம் மெதுவாக" என்றார்கள். நான் இன்னும் கொஞ்சம் உரக்க வாசித்தேன். பிறகு பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.)

இது நமக்குப் புதிய விடயமும் அன்று. கிழக்கிலங்கையின் கூத்து மரபில் 'சட்டம் கொடுத்தல்' என்று ஒரு நிகழ்வு உண்டு. கூத்து ஒன்றைப் போடுவதென ஊர் தீர்மானித்ததும், அண்ணாவியார் வந்து ஆட விரும்புவோரைப் பார்ப்பார். குரல் எவ்வளவு எட்டும், தாளத்தில் நிற்குமா, உடற்கட்டு எப்படி என்று கவனித்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கையில் கொடுப்பார். வடமோடியில் அரசனாக வருபவன் பாரமான கரப்புடுப்போடு இரவு முழுவதும் ஆட வேண்டும். குரல் மட்டும் இனிதாக இருந்தால் போதாது. அதன்பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகக் களரியில் பழக்கம், சதங்கை அணி விழா, கடைசியில் அரங்கேற்றம். அங்கே முதலில் தெரிவு, பிறகே பயிற்சி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோதும் அண்ணாவிமாரின் இந்தப் பழக்கமே அடித்தளமாயிற்று. 'இராவணேசனி'ல் இராவணனாக ஆடிய மாணவர்தான் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு.

இன்றைய தேர்வு இதைத் தலைகீழாக்கிவிட்டது. பயிற்சி முழுவதையும் முடித்துக்கொண்டு தெரிவுக்கு வரச் சொல்கிறது. களரியும் இல்லை, அண்ணாவியாரும் இல்லை. அந்தப் பொறுப்பு இப்போது பிள்ளையின் தலையில்.

சுமக்க முடியாத பொறுப்பு என்றும் சொல்லமாட்டேன். 2019இல் மிண்டி கேலிங் தன் தொடருக்குப் புதுமுகம் தேடிப் பொது அழைப்பு விடுத்தபோது, சுமார் 15,000 பேர் விண்ணப்பித்தார்கள். தெரிவானவர் கனடாவின் மிசிசாகாவைச் சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். ஊர் நூலகத்தில் பதிந்து அனுப்பிய காட்சிதான் அவருடைய முதல் படி. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற 'தீபன்' படத்தின் நாயகன் ஷோபாசக்தி, எழுத்தாளராகவே நாம் அறிந்தவர். அந்தப் படத்தில் அவர் பேசிய தமிழ் அவருடைய சொந்தத் தமிழ். மறுபக்கம், ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தீபா மேத்தா 2020இல் 'ஃபன்னி பாய்' என்று படமாக்கியபோது எழுந்த கண்டனத்தை நினைத்துப் பாருங்கள். கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதையில் வந்த தமிழ் காதுக்கு அந்நியமாக ஒலித்தது என்பதுதான் குறை. நம் பேச்சுக்கு இன்று தேவை இருக்கிறது. அதைத் தேடி வருபவரிடம் மதுரைத் தமிழை நீட்டினால் என்ன சொல்வது? யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு பேருந்து நடத்துநரைத் தனி ஆளாக நடித்துக் காட்டியே கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்'றை உலகத் தமிழரிடையே கொண்டுபோனார்.

பிள்ளையிடம் இவ்வளவையும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் பதிவு செய், காற்றுச் சத்தம் இராது, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்றேன். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வை. வில்லையை உற்றுப் பார்க்காதே, அதற்குப் பக்கத்தில் ஓராளை இருத்தி அவரோடு பேசு. காட்சிக்கு ஒரு நிமிடம் முன் அந்த மகன் எங்கே இருந்தான் என்று யோசித்து வை. மனப்பாடம் செய்த வசனத்தை ஒரே மாதிரி திருப்பிச் சொல்லாதே, இரண்டாம் முறை வேறு மாதிரிச் சொல்லிப் பார். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். தேர்வுக்கென்று பணம் கேட்பவன் படம் எடுப்பவன் அல்லன். அந்த வலையில் விழுந்த பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை என் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பக்கத்தில இருந்து அம்மாவின்ர வசனம் ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவனே குசினிக்குள் போனான். மீன் வெட்டிக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு அவர் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பது போல ஏற்ற இறக்கமின்றி ஒவ்வொரு வரியாக வாசித்தார். மகன் அன்று மாலை 'பந்தடிக்க' என்று சொன்ன அதே குரலில் பதில் சொன்னான். ஓரிடத்தில் நிறுத்தினான், அந்த நிறுத்தம் தாளில் இருந்ததன்று. இரண்டாவது முறை பதியத் தேவைப்படவில்லை.

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "இது படத்துக்குத்தானே?" என்று கேட்டார் தாய்.