பாட்டும் பாத்தியதையும்

ஏழையின் வாயிலிருந்து பிறந்த பாட்டு எந்தப் பிரபுவின் சிபாரிசும் இல்லாமலே நாட்டை வென்றுவிடக்கூடும். ஆனால், பாட்டு வென்ற பிறகு பாடியவனுக்குக் கிடைப்பது என்ன? இந்தக் கேள்வியைத் தமிழ் மக்களின் முன் நிறுத்தியிருப்பவர் அரக்கோணத்து இளைஞரான திரு. அறிவு. கேள்வி அவர் ஒருவரைப் பற்றியதன்று. எழுத்தையும் குரலையுமே சொத்தாகக் கொண்ட ஒவ்வொரு தமிழனையும் பற்றியது. ஆகவே இதைச் சினிமா வம்பென்று தள்ளிவிட நாம் தயாராயில்லை.

திரு. அறிவு பாடுவது 'ராப்' எனப்படும் பாட்டு. 1973ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில், கைவிடப்பட்ட கறுப்பு மக்களின் இல்லங்களிலும் தெருக்களிலும் பிறந்தது 'ஹிப் ஹாப்' என்னும் கலை. அதன் குரல்தான் ராப். வாத்தியம் வாங்கப் பணமில்லாதவர்கள் சுழலும் இசைத்தட்டையே வாத்தியமாக்கி, அதன் தாளத்தின்மேல் தங்கள் குறைகளைச் சொல்லலானார்கள். 45 வருஷங்களுக்குப் பின் 2018இல் கெண்ட்ரிக் லாமர் என்ற ராப் பாடகருக்கு அமெரிக்காவின் புலிட்சர் பரிசே கிடைத்தது.

"இது அந்நியச் சரக்கல்லவா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களைக் காயல்பட்டினத்துக்கு வந்து பார்க்கும்படி அழைக்கிறோம். கடல் வழியே வந்த சரக்கைப் போலவே கடல் வழியே வந்த இலக்கிய வடிவங்களையும் தமிழாக்கிக் கொண்டவர்கள் இந்தக் கரையோரத்து முஸ்லிம்கள். கிஸ்ஸா, நாமா, மசாலா, முனாஜாத்து ஆகியவை அன்று அந்நியம், இன்று தமிழ். இவ்வூர் வரகவி காசிம் புலவர் அருணகிரிநாதரின் சந்தத்தைக் கைக்கொண்டு நபிகள் நாயகத்தின்மேல் திருப்புகழ் பாடினார். சந்தத்துக்கு மதமுமில்லை, சுங்கமுமில்லை. சொல்லைத் தாளத்தில் அடுக்கி விரைந்து சொல்லும் வித்தையைத் தமிழனுக்கு பிராங்ஸ் வந்து கற்பிக்கத் தேவையில்லை. கடன் வாங்கியது மேடையை, கையிருப்பு நம்முடையது.

திரு. அறிவு வெளியுலகுக்குத் தெரியவந்தது 2018 ஜனவரியில். டைரக்டர் பா. ரஞ்சித்தின் முயற்சியால், இசையமைப்பாளர் டென்மாவைக் கொண்டு உருவான 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு சென்னையில் அரங்கேறியது அப்போதுதான். பண்டித அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கொள்கையே குழுவின் பெயராயிற்று. 2019இல் ஓஃப்ரோ என்ற இசைஞருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தொகுதியை வெளியிட்டார். அவ்வருஷம் டிசம்பரில் பிரஜா உரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியதும் அதை எதிர்த்துப் பாடினார். பெரிய முதலாளியின் துணையின்றி, சொல்லின் பலத்தாலேயே அவர் உயர்ந்தார்.

பிறகு 2021 மார்ச்சில் வந்தது 'எஞ்சாயி எஞ்சாமி'. திரு. அறிவும் தீ என்ற பாடகியும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. 'மாஜா' என்ற நிறுவனம் வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு அப்பாட்டைச் செய்தார். அதன் பின்னணியில் இருப்பது ஒரு ஜனசமூகத்தின் துயரம். மலைக்காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கிய அம்மக்களில் பெரும்பாலோரை 1948ஆம் வருஷத்து இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30ந் தேதி சாஸ்திரியும் சிரிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் பேசிக்கொள்ளலாமென்று ஒத்திவைக்கப்பட்டது. மனிதர்களை மூட்டைகளைப் போல் எண்ணிப் பங்கிட்ட அந்தக் கணக்குக்கு ஒரு பேரன் எழுதிய பதில்தான் இப்பாட்டு. 40 கோடிக்கு மேற்பட்ட தடவை அது பார்க்கப்பட்டது.

இவ்வளவு கீர்த்திக்குப் பின் நடந்ததென்ன? 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை, இப்பாட்டின் வெற்றியையும் ஒட்டி வெளியிட்ட அட்டையில் அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்கென்று தனியே ஓர் அட்டை மின்வடிவில் வந்தது. 2022 ஜூலை 28ந் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் சர்க்கார் மேடையிலேயே இப்பாட்டு ஒலித்தது. அறிவு அங்கு இல்லை. சில நாட்களில் அவர், இதை எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று பகிரங்கமாகக் கூறினார். மற்றவர்கள் மறுமொழி கூறினார்கள்; வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமமென்றார் சந்தோஷ் நாராயணன். ஆனால் 2024 மார்ச்சில் அவரே, மூவரில் எவருக்கும் ஒரு காசும் வந்து சேரவில்லை என்று அறிவித்தார்! கலைஞர்களுக்குள் யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டைச் செய்தவர்கள் மூன்று வருஷம் கழித்தும் கூலி கேட்டு நிற்கும் நிலை நேர்ந்ததே, அதைத்தான் அக்கிரமம் என்கிறோம்.

சட்டம் ஊமையாக இல்லை. 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் பாத்தியதையை ஆசிரியனுக்கு அளிக்கிறது. 2012ஆம் வருஷத்துத் திருத்தம், பாடியவருக்கும் தம் பெயர் குறிக்கப்பட வேண்டுமென்று கேட்கும் உரிமையைத் தந்தது. அதே திருத்தத்தின்படி, சினிமாவில் சேராத ஒலிப்பதிவிலும் பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சமபங்கை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. ஆனால் சட்டப் புஸ்தகம் தானாக எழுந்து வந்து எவன் கதவையும் தட்டுவதில்லை. கேட்பவனுக்கே அது பேசும்.

கேட்கத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையே சாட்சி. எட்டயபுரத்துப் பாரதி 1921இல் வறுமையில் மாண்டார். 1928இல் அன்னிய சர்க்கார் அவர் பாட்டுக்களைப் பறிமுதல் செய்தது. அது நீங்கிய பின்போ, தேசமே பாடிய அப்பாட்டுக்களின் ஒலிபரப்பு உரிமை வியாபாரக் கைகளில் கிடந்தது. ஜனங்கள் கிளர்ச்சி செய்து, 1949இல் சென்னை சர்க்கார் அவற்றை ஏற்ற பிறகே அவை நாட்டின் பொதுச்சொத்தாயின. கவி செத்து 28 வருஷங்களுக்குப் பின் கிடைத்த நியாயம் அது! உயிரோடிருக்கும் கவிக்கும் அவ்வளவு காலம் காத்திருக்கும்படி சொல்லலாமா?

நாம் கேட்பவை இரண்டே. சர்க்கார் மேடையில் ஒரு பாட்டு ஒலிக்குமானால் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் பெயர்கள் அங்கேயே கூறப்பட வேண்டும். இது விதியாக வேண்டும். பாட்டை வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும் வருவாய்க் கணக்கைக் கலைஞர்களுக்குக் காலந்தவறாமல் காட்ட வேண்டும். காட்டாதவர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கக் கலைஞர்களின் சங்கம் துணை நிற்க வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. காயலிலும் தூத்துக்குடியிலும் கைப்பேசியில் பாட்டெழுதும் பிள்ளைகள், நீட்டப்பட்ட காகிதத்தில் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். எத்தனை வருஷத்துக்கு, எந்த நாட்டுக்கு, எவ்வளவு ராயல்டி என்பவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருஷம், நாடு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்பது சட்டம். திரு. அறிவோ 2024இல் பாட்டியின் பெயரையே தலைப்பிலிட்டு 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுதியை வெளியிட்டார். பறிபோன நிலத்தைப் பற்றிப் பாடியவர், தம் பாட்டில் தமக்குள்ள பங்கையும் வாய்விட்டுக் கேட்டார். அப்படிக் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் கொடுக்காதவர்களே.